நொய்யளவு எலும்பு

வணக்கம் நேயர்களே. குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர்களிடம் “ஒரு ரப்பர் மரம் எவ்வளவு பால் தரும்?” என்று கேட்டுப் பாருங்கள். “மரத்துக்கு என்ன வயசு?” என்று திருப்பிக் கேட்பார்கள். நான் பேச வந்ததும் அந்தக் கேள்விதான். மரத்துக்குப் பதில் எலும்பு, அவ்வளவே.

எலும்பு என்றால் நமக்கு மீன் குழம்பில் ஒதுக்கி வைக்கிற முள்தான் ஞாபகம் வரும். உடம்புக்குள் இருக்கிற எலும்பு அப்படி இல்லை, அதற்கு உயிர் உண்டு. ஒரு கூட்டம் செல்கள் பழையதைக் கரைக்கும், இன்னொரு கூட்டம் புதிதாகக் கட்டும். கட்டுகிற கூட்டத்தைக் கொத்தனார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கொத்தனார்களை வெளியே எடுத்து வளர்ப்பதிலேயே என் காலம் போய்விட்டது.

இடுப்பு மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் தலையை எடுத்துவிடுவார்கள். பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். நோயாளியின் சம்மதத்தோடு அதை வாங்கி வருவோம். உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதை நொய்யரிசி அளவுக்கு நறுக்கி, ரத்தமும் மஜ்ஜையும் போய் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை அலச வேண்டும். அரிசி களைகிற மாதிரிதான், ஆனால் ஏழெட்டுத் தண்ணீர். அப்புறம் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பரப்பி, ஊட்டக் கரைசல் ஊற்றி, 37 டிகிரி சூட்டில் வைத்துவிட வேண்டும். 1980-களில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் செம்மைப்படுத்திய முறை இது.

வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். சேர்ந்த புதிதில் நான் தினமும் கிண்ணத்தைத் தூக்கி விளக்கடியில் பிடித்துப் பார்ப்பேன். தூக்கத் தூக்கத் துண்டுகள் நகர்ந்தன, ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு மாத உழைப்பு போச்சு. ஆய்வகத்தில் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் உதவியாளராக இருந்தார். “சேனை நட்டுட்டு தெனமும் தோண்டிப் பாப்பியா மக்கா?” என்றார். அடுத்த முறை ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு பார்த்தால், துண்டைச் சுற்றி நெத்திலி காயப்போட்டது போல நீள நீளமாகச் செல்கள் வெளியே வந்து கிடந்தன!

சரி, வயசுக்கு வருவோம். பைக்கில் விழுந்த 22 வயதுப் பையனின் எலும்பும், முற்றத்தில் வழுக்கி விழுந்த 76 வயதுப் பாட்டியின் எலும்பும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரே கரைசல், ஒரே சூடு. பையனுடைய செல்கள் எட்டாம் நாளே எட்டிப் பார்த்தன. பாட்டியுடையவை வர மூன்று வாரம் ஆயிற்று, வந்த பிறகும் மெதுவாகத்தான் பெருகின. சாதாரண மனிதச் செல் கிண்ணத்தில் ஏறக்குறைய 40 முதல் 60 முறைதான் இரட்டிக்கும் என்று 1961-லேயே ஹேஃப்ளிக் என்ற ஆய்வாளர் சொல்லிவிட்டார். வயதானவர்களின் செல்கள் அந்தக் கணக்கில் ஒரு பகுதியை ஏற்கெனவே செலவழித்தவை. ஆனால் எல்லாப் பாட்டிகளும் ஒன்றல்ல, ஒரே வயதுள்ள இருவருக்குள்ளும் பெரிய வித்தியாசம் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்குப் பிடித்த கதை, இதை விடமாட்டேன். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு தேய்வதற்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதுதான் காரணம் என்று 1940-களிலேயே ஆல்பிரைட் என்ற மருத்துவர் சொன்னார். ஆனால் அந்த ஹார்மோன் எலும்புச் செல்லையே நேராகத் தொடுகிறதா என்பது பல காலம் தெரியவில்லை. ஒரு சிக்கல், நாங்கள் ஊற்றுகிற கரைசலிலேயே இருந்தது. அது நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்கும், புளித்தால் மஞ்சளாகும். நிறத்துக்குச் சேர்ப்பது ஃபீனால் ரெட் என்ற சாயம். அந்தச் சாயமே லேசாக ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறது என்று 1986-ல், மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சாயத்தோடு வந்த கசடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. யோசித்துப் பாருங்கள், உப்பு போட்ட தண்ணீரிலேயே உலை வைத்துவிட்டு, குழம்பில் உப்பு எவ்வளவு என்று ருசி பார்த்திருக்கிறோம்! எலும்புச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டுகிற இடம், இருப்பது 1988-ல் உறுதியானது. இருப்பது மிகக் கொஞ்சம், அதனால்தான் அத்தனை தாமதம்.

அடுத்தது டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு மருந்து. மாதக்கணக்கில் உடம்புக்குள் போனால் எலும்பை மெலியவைக்கும். கிண்ணத்திலோ, இளஞ்செல்களைக் கொத்தனாராக முதிர வைக்க நாங்களே அதைச் சொட்டு விடுகிறோம்! கட்டுமான வேலையின் அடையாளமான அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி கூடும். ஆஸ்டியோகால்சின் என்ற இன்னொரு அடையாளமோ குறையும். அப்படியானால் அது நல்லதா கெட்டதா? யாருடைய செல், எவ்வளவு மருந்து, எத்தனை நாள் என்று கேட்காமல் இதற்குப் பதில் இல்லை. பால்வெட்டுக்காரர் கேட்ட அதே கேள்விதான், பாருங்கள்.

ஆஸ்துமா இழுப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. டாக்டரிடம் எலும்பைப் பற்றிக் கேளுங்கள். மூட்டுவலிக்கு யாரோ பொட்டலம் கட்டித் தருகிற பெயரில்லாத பொடி வேண்டவே வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனைத் தொடவே இல்லை. வைட்டமின் டி பற்றி ஒரு வரி. பெயர்தான் வைட்டமின், உடம்பில் மாறிய பிறகு செய்வது ஸ்டீராய்டு ஹார்மோன் வேலை. கிண்ணத்தில் அதை விட்டால் ஆஸ்டியோகால்சின் கூடும், பாட்டியின் கிண்ணத்திலும் கூடியது. அதை இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.