மேஃப்ளை மிதக்குது, ட்ரௌட் மேல வருது, நம்ம ஃப்ளையை மட்டும் தொட மாட்டேங்குது: சந்தேகமும் விளக்கமும்

அடுத்த கேள்வி நியூ ஜெர்சியிலேர்ந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. ஏப்ரல் கடைசியில நியூயார்க் மாநிலத்துல, கேட்ஸ்கில்ஸ் மலைப் பக்கம், ரோஸ்கோ ஊருக்குப் போயிருக்காரு. பீவர்கில் ஆறு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல தண்ணி முழுக்க மேஃப்ளைங்கற பூச்சி. ட்ரௌட் மீன் கண்ணு முன்னாடியே மேல வந்து வந்து தின்னுது. இவரு கடையில விசாரிச்சு வாங்கின ஹெண்ட்ரிக்ஸன் ட்ரை ஃப்ளையைத்தான் போட்டிருக்காரு, அதாவது ஹெண்ட்ரிக்ஸன்ங்கற மேஃப்ளை மாதிரியே தூண்டில் முள்ளுல கட்டின, தண்ணி மேல மிதக்கற போலிப் பூச்சி. ஒரு மீன்கூடத் தொடல. நாலு மணிக்குப் பூச்சி நின்னுடுச்சு, இவரும் கிளம்பிட்டாரு. "அண்ணா, பூச்சியும் சரி, கலரும் சரி. அப்புறம் ஏன் எடுக்கல? வேற எந்த ஃப்ளை வாங்கணும்?"னு கேக்குறாரு.

தம்பி, பூச்சி எதுன்னு சரியா கண்டுபிடிச்சிட்டீங்க. ஆனா அந்தப் பூச்சி எந்த நிலையில இருக்கும்போது மீன் அதைத் தின்னுச்சுங்கறதைப் பாக்கல. மேஃப்ளைக்கு ஃப்ளை தேர்ந்தெடுக்கறதுல அதுதான் முதல் கேள்வி. பேரு, கலரு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

மேஃப்ளை தன் வாழ்க்கையில பெரும்பகுதியைத் தண்ணிக்கு அடியில, கல்லு இடுக்குல, நிம்ஃபா, அதாவது றெக்கை முளைக்காத இளம்பூச்சியா கழிக்குது. ஹெண்ட்ரிக்ஸனுக்கு அது ஏறக்குறைய ஒரு வருஷம். நேரம் வந்ததும் மேல ஏறி வந்து, முதுகுத் தோல் வெடிச்சு, றெக்கையோட வெளியில வரும். அதுதான் டன். றெக்கை மங்கலான சாம்பல் கலர்ல இருக்கும். பறந்து போய்க் கரையில இருக்கற மரம் செடியில உக்காந்து, இன்னொரு தடவை தோல் உரிக்கும். றெக்கை முளைச்சதுக்கு அப்புறமும் தோல் உரிக்கிற பூச்சி இன்னைக்கு உலகத்துல மேஃப்ளை மட்டும்தான். உரிச்சு வந்ததும் றெக்கை தெளிஞ்சு, ஊடுருவித் தெரியும். அதுக்குப் பேரு ஸ்பின்னர். இணை சேரும், முட்டை போடும், செத்துத் தண்ணியில விழும். றெக்கை வந்த பிறகு அது எதையும் சாப்பிடறதே இல்ல.

அப்போ மீனுக்கு ஒரே பூச்சியிலேர்ந்து நாலு விதமான சாப்பாடு கிடைக்குது. அடியில நிம்ஃப், தோல் உரிச்சுக்கிட்டே வெளியில வர்ற எமர்ஜர், மேல நிமிர்ந்து மிதக்குற டன், கடைசியா செத்து விழற ஸ்பின்னர். நீங்க போட்ட ட்ரை ஃப்ளை இதுல டன் மட்டும்தான்.

மீன் எதைத் தின்னுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அடுத்த தடவை போனா, முதல் பத்து நிமிஷம் தூண்டிலைக் கையில எடுக்காதீங்க. மேல வர்ற ஒரு மீனை மட்டும் பாருங்க. மூக்கு வெளியில தெரிஞ்சு, அது மறைஞ்ச இடத்துல ஒரு குமிழி நின்னா, மேல மிதக்கறதைத்தான் எடுக்குது. முதுகும் வாலும் மட்டும் புரண்டு தெரிஞ்சு, குமிழி இல்லைன்னா, மேல்மட்டத்துக்கு ஒரு அங்குலம் அடியில தின்னுதுன்னு எடுத்துக்கலாம். இன்னும் நம்பகமான வழி ஒண்ணு இருக்கு. அந்த மீனை நோக்கி ஓட்டத்தோட மிதந்து வர்ற ஒரு டன்னைக் கண்ணால பின்தொடருங்க. அது மீன் தலைக்கு மேலேயே போகுது, மீன் அதை விட்டுட்டுப் பக்கத்துல வேற எதையோ எடுக்குது. ரெண்டு மூணு டன் இப்படித் தப்பிச்சுப் போச்சுன்னா, சந்தேகமே வேண்டாம், எமர்ஜரைத்தான் தின்னுது. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

காரணமும் இருக்கு. தோல்லேர்ந்து பாதி வெளியில வந்து சிக்கிக்கிட்டு நிக்கிற பூச்சி பறந்து ஓடாது. டன் எந்த நொடியும் எழும்பிப் போயிடும். வெயில் நல்லா அடிச்சா டன் சட்டுன்னு பறந்துடும், அதனால அதை நம்பி மீன் மேல வராது. அதே, குளிரும் தூறலுமா இருக்கற நாள்ல றெக்கை காயவே நேரமாகும், டன் ரொம்ப தூரம் மிதக்கும். அப்பதான் உங்க ட்ரை ஃப்ளைக்கு நல்ல வேலை.

எமர்ஜருக்கு என்ன போடறது? ஸ்பார்க்கிள் டன்னு ஒரு ஃப்ளை கேளுங்க. மான் முடியை விசிறியா விரிச்சு றெக்கையாக் கட்டி, வால் இருக்க வேண்டிய இடத்துல மினுமினுக்கிற செயற்கை இழையைக் கட்டியிருப்பாங்க. கழண்டும் கழலாம பின்னாடி தொங்கற தோல்தான் அந்த இழை. அதுல சேவல் கழுத்து இறகு கிடையாது, அதனால உடம்பு தண்ணியோட ஒட்டிக் கிடக்கும். நீங்க வாங்கினது பழைய கேட்ஸ்கில் பாணி. அதுல இறகு நுனியிலேயே ஃப்ளை தூக்கி நிக்கும். சலசலன்னு ஓடற தண்ணிக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ரோஸ்கோவுல வில்லோவீமாக் வந்து கலக்கற ஜங்ஷன் பூல் மாதிரி, மெதுவா நகர்ற தண்ணியில மீன் நின்னு நிதானமாப் பாத்துட்டுத்தான் எடுக்கும். அங்க தாழ உக்கார்ற ஃப்ளைதான் எடுபடும்.

அந்த ஹெண்ட்ரிக்ஸன் ஃப்ளையை முதல்ல கட்டினவர் ராய் ஸ்டீன்ராட். 1916ல, இதே பீவர்கில்ல. அவரு, அமெரிக்க ட்ரை ஃப்ளைக்கு முன்னோடியான தியோடர் கார்டன்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர். கார்டன் பேரைச் சொல்ற குவில் கார்டன் ஃப்ளை எந்தப் பூச்சிக்கோ, அந்தப் பூச்சி ஹெண்ட்ரிக்ஸனுக்குக் கொஞ்சம் முன்னாடியே வரும். அதுல ஒரு விசேஷம் இருக்கு. அது மேல வந்து தோல் உரிக்காது. ஆத்து அடியிலேயே உரிச்சுட்டு, றெக்கையோட தண்ணிக்குள்ள ஏறி வரும். அதனால அந்த நாள்கள்ல மூழ்கற வெட் ஃப்ளைக்கு மீன் விழும். பூச்சி எப்படி வெளிய வருதுங்கறதை வச்சே ஃப்ளை மாறுது பாருங்க. எனக்கு இந்த மீன்பிடிப்புல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

அளவுக்கு வருவோம். நிலைக்கு அடுத்தபடியா முக்கியம் அதுதான். முள்ளு நம்பர் கூடக் கூட ஃப்ளை சின்னதாகும், ஞாபகம் வச்சுக்கோங்க. ஹெண்ட்ரிக்ஸனுக்கு 12 இல்ல 14. மே கடைசியில வர்ற சல்ஃபர்ங்கற மேஃப்ளைக்கு 16, 18. தூறல் நாள்ல வர்ற ப்ளூ விங்ட் ஆலிவ்ங்கற குட்டி மேஃப்ளைக்கு 18லேர்ந்து 22 வரைக்கும் போகும். மிதக்கற பூச்சி ஒண்ணைக் கையில பிடிச்சு, உங்க ஃப்ளையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. பறக்கும்போது பாத்தா எப்பவும் பெருசாத்தான் தெரியும். ரெண்டு அளவுக்கு நடுவுல சந்தேகம் வந்தா சின்னதைப் போடுங்க. பிடிச்ச பூச்சியைத் திருப்பி வயித்துப் பக்கத்தையும் பாருங்க, மீன் பாக்கறது அந்தப் பக்கத்தைத்தான். கலருக்கு அவ்வளவு பாத்தா போதும்.

பூச்சி இன்னும் மேல வரலையா? ஓட்டத்துல ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்க. நிம்ஃபோட முதுகுல றெக்கை இருக்கற மடிப்பு கருகருன்னு இருந்தா, இன்னைக்கோ நாளைக்கோ வெளிய வந்துடும். அந்த நேரத்துல ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் போடுங்க. இங்கிலாந்துல ஏவான் ஆத்தைப் பராமரிச்ச ஃப்ராங்க் சாயர் உருவாக்கினது. நூலே இல்லாம, ஃபெசன்ட்ங்கற பறவையோட வால் இறகும் மெல்லிய செம்புக் கம்பியும் மட்டும் வச்சுக் கட்டினாரு. பாத்துட்டுக் கல்லை இருந்த இடத்துலயே வச்சிடுங்க.

இன்னொண்ணு. ஃப்ளையை மாத்தறதுக்கு முன்னாடி நீங்க நிக்கற இடத்தை மாத்திப் பாருங்க. தூண்டில் நரம்பு இழுத்து, ஃப்ளை தண்ணியோட போக்கை விட்டுக் கொஞ்சம் குறுக்கே நகர்ந்தாலும் மீன் ஒதுங்கிடும். ஃப்ளையைக் கட்டற கடைசி மெல்லிய நரம்பு, அதாவது டிப்பெட், 5எக்ஸ் தடிமன்ல கொஞ்சம் நீளமாவே விடுங்க.

கடைசியா, நாலு மணிக்குக் கிளம்பிட்டேன்னு சொன்னீங்கல்ல. இருந்திருக்கணும் தம்பி. அதுக்கு முந்தி ஒரு ரெண்டு நாளா வெளிய வந்த டன் எல்லாம் மரத்துல ஸ்பின்னரா மாறிக் காத்திருக்கும். காத்து அடங்கின சாயங்காலம்னா, சலசலப்புத் தண்ணிக்கு மேல கூட்டமா ஏறி இறங்கறதைப் பாக்கலாம். பெண் ஹெண்ட்ரிக்ஸனோட வயித்து நுனியில மஞ்சள் கலர்ல முட்டை உருண்டைகூடத் தெரியும். அது முட்டை போட்டு, றெக்கையை ரெண்டு பக்கமும் விரிச்சபடி தண்ணியில கிடக்கும்போது நமக்குக் கண்ணுக்கே தெரியாது. மீன் சத்தமே இல்லாம உறிஞ்சும், சின்ன வளையம் மட்டும்தான் தெரியும். அப்போ 14 நம்பர் ரஸ்டி ஸ்பின்னர், சலசலப்பு முடிஞ்சு தண்ணி அமைதியாகற இடத்துல போடுங்க. காத்து பலமா இருந்தாலோ ரொம்பக் குளிர்ந்துட்டாலோ அன்னைக்கு விழாது. ராத்திரி அங்க தங்கறதா இருந்தா, மறுநாள் வெயில் ஏறினதும் அதே இடத்துல போய்ப் பாருங்க.