உலக ரேங்க் 300ல இருந்தும் டென்னிஸ் ஆட்டக்காரருக்கு ஏன் கைக்காசு கரையுது?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கார்: "உலகத்துல 300ஆவது ரேங்க்ல இருக்கற டென்னிஸ் ஆட்டக்காரர்னா நல்லாத்தானே சம்பாதிக்கணும்? ஏன் ஸ்பான்சர் இல்ல, காசு இல்லன்னு சொல்றாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனா டென்னிஸ்ல பணம் ரேங்க்குக்கு ரேங்க் கொஞ்சம் கொஞ்சமாக் குறையறதில்ல. 230, 240 பக்கம் வந்ததும் சடார்னு அறுந்து விழுது.

அடிப்படிலேர்ந்து பார்ப்போம். சர்வதேச டென்னிஸ் சங்கமான ஐ.டி.எஃப். நடத்தற எம்15னு சொல்ற சின்னப் போட்டி, மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒத்தையர்ல 32 பேர். கோப்பையை ஜெயிச்சா 2,160 டாலர், முதல் ரவுண்டுல தோத்தா 156 டாலர். பல நாடுகள்ல அதுலயும் வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க. டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் நம்ம கைக்காசு. அதனாலதான் துனிசியாவுல மொனாஸ்டிர் மாதிரி, வாராவாரம் போட்டி நடக்கற ஊர்ல போய் ஒரு மாசம் டேரா போட்டுடறாங்க. ஒரே டிக்கெட்ல நாலு போட்டி. ஆனா ரேங்க்கை முடிவு பண்றது பாயிண்ட்; கோப்பையே ஜெயிச்சாலும் 15 பாயிண்ட்தான். முதல் ரவுண்டுல தோத்தா ஒண்ணும் இல்ல.

அந்தப் பாயிண்டும் கையில நிக்காது. 52 வாரம் ஆனா கழண்டுடும். போன மார்ச்சுல ஃபைனல் ஆடினவர் இந்த மார்ச்சுல காய்ச்சல்னு படுத்தா ரேங்க் இறங்கும். ஆறு மாசத்துக்கு மேல காயம்னா பழைய ரேங்க்கை வெச்சுச் சில போட்டிக்குள்ள விடுவாங்க. ரெண்டு மாசக் காயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அடிக்கடி வர்றது அந்த மாதிரிச் சின்னக் காயம்தான்!

சரி, ஏன் 230? டென்னிஸோட நாலு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்ல, மெயின் டிராவுல, அதாவது முக்கியச் சுற்றுல, 128 இடம். 104 பேர் ரேங்க் வெச்சு, 8 பேர் போட்டி நடத்தறவங்க நேரா அழைக்கற வைல்ட் கார்டு, மீதி 16 பேர் தகுதிச் சுற்று வழியா. தகுதிச் சுற்றுக்கு இன்னொரு 128 பேரை எடுக்கறாங்க; அந்தப் பட்டியல் 230, 240ஓட முடியுது. 2024 ஆஸ்திரேலியன் ஓபன்ல தகுதிச் சுற்று முதல் மேட்ச்லயே தோத்தவருக்கு 31,250 ஆஸ்திரேலிய டாலர். ஒன்பது எம்15 கோப்பை ஜெயிச்சாக்கூட அவ்வளவு வராது. இந்திய ஆட்டக்காரர் சுமித் நாகல் 2023 செப்டம்பர்ல, என் கணக்குல 900 யூரோதான் இருக்குன்னு சொன்னார். நாலு மாசத்துல அதே ஆஸ்திரேலியன் ஓபன்ல தகுதிச் சுற்றுல மூணு மேட்ச், அப்புறம் மெயின் டிரா முதல் ரவுண்டுல கஜகஸ்தானோட அலெக்சாண்டர் பப்ளிக்கையும் ஜெயிச்சார். 1,80,000 ஆஸ்திரேலிய டாலர்.

ஆட்டம் மட்டும் இல்ல, எந்த வாரம் எங்க இருக்கணும்கறதும் பெரிய கணக்கு. 2018 ஃபிரெஞ்ச் ஓபனைப் பாருங்க. யாராவது கடைசி நேரத்துல விலகினா, தகுதிச் சுற்றுல தோத்தவங்க 'லக்கி லூசரா' உள்ள வரலாம். ஆனா ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நேர்ல வந்து கையெழுத்துப் போட்டிருக்கணும். அதே வாரம் வேற போட்டியில பதிஞ்சுட்டா வாய்ப்பு போச்சு. தகுதிச் சுற்றுல தோத்த நம்ம சென்னை பிரஜ்னேஷ் குணேஸ்வரன் இத்தாலிக்குப் போய், விசென்சாவுல நடந்த சேலஞ்சர்ங்கற அடுத்த மட்டப் போட்டியில பதிஞ்சுட்டார். இங்க பாரிஸ்ல ஆஸ்திரேலியாவோட கிர்கியோஸ் விலகிட்டார். பிரஜ்னேஷுக்கு வந்திருக்க வேண்டிய இடம் அர்ஜென்டினாவோட ட்ருன்ஜெலிட்டிக்குப் போச்சு. அவர் அப்போ பார்சிலோனாவுல. வாடகைக் கார்ல பாட்டியையும் ஏத்திக்கிட்டு, கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் ஓட்டிப் பாரிஸ் வந்து சேர்ந்தார். முதல் மேட்ச்ல டோமிக்கை ஜெயிச்சு 79,000 யூரோ. தோத்திருந்தாலும் 40,000.

பிரஜ்னேஷ் தப்புப் பண்ணினார்னு சொல்ல மாட்டேன். காயத்தோட பாரிஸ் வந்து விலகினாலும் முதல் ரவுண்டுப் பணத்துல பாதி உண்டுன்னு அந்த வருஷம்தான் புது விதி வந்துச்சு. அதனால நிறைய பேர் விலகி, எட்டு லக்கி லூசர் உள்ள வந்தாங்க. வழக்கமா அவ்வளவு வராது. அடுத்த வருஷமே அவர் 75ஆவது ரேங்க் தொட்டு, நாலு கிராண்ட்ஸ்லாமும் ஆடினார்.

செலவுல வெளியாளுக்குத் தெரியாதது ராக்கெட்ல கட்டற ஸ்ட்ரிங். ஒரு ராக்கெட்டுக்குச் சுமார் 12 மீட்டர் போகும். 200 மீட்டர் ரீல்ல 16 ராக்கெட் கட்டலாம். பாலியஸ்டர் ஸ்ட்ரிங் அறுந்துதான் மாத்தணும்னு இல்ல, அதுக்கு முன்னாடியே இழுவை தளர்ந்துடும். வழக்கமா அடிக்கற அதே அடி கோட்டைத் தாண்டி விழும். அதனால ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ரெண்டு மூணு ராக்கெட்டாவது புதுசாக் கட்டணும். ரீலைச் சொந்தமா வாங்கினாலும் கட்டற கூலி தனி. சிலர் சின்ன ஸ்ட்ரிங்கிங் மெஷினையே பெட்டியில தூக்கிட்டுப் போறாங்க.

2024லேர்ந்து, ஆண்கள் டென்னிஸ் தொடரை நடத்தற ஏ.டி.பி. ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டு வந்திருக்கு. 2024ல, ரேங்க் 100க்குள்ள இருந்தா 3,00,000 டாலர், 175 வரைக்கும் 1,50,000, 250 வரைக்கும் 75,000னு வெச்சிருந்தாங்க. பரிசுப் பணம் இதுக்குக் குறைஞ்சா மீதியை அவங்க போடறாங்க. நீங்க கேட்ட 300ஆவது ஆளுக்கு இதுல இடம் இல்ல. அவர் கோடையில ஜெர்மனி, ஃபிரான்ஸ் கிளப் லீக்ல போய் ஆடுவார். மேட்ச்சுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே பேசிக்கறது. ரேங்க் பாயிண்ட் கிடையாது, ஆனா தோத்தாலும் பேசின காசு வந்துடும்.