ரோதானின் களிமண்ணும் நடனமும்

நேயர்களுக்கு வணக்கம். 1906ஆம் ஆண்டு கம்போடிய மன்னர் சிசோவாத் பிரான்சுக்குச் சென்றார். அரண்மனை நடனப் பெண்களும் உடன் சென்றார்கள். மார்செய் நகரில் நடந்த காலனிகளின் கண்காட்சியில் அவர்களும் காட்சிப்பொருள்தான் என்பதை மறக்க வேண்டாம். பாரிசில் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்த சிற்பி ஒகுஸ்த் ரோதானுக்கு அப்போது அறுபத்தைந்து வயது. அவர்கள் மார்செய்க்குத் திரும்பியதும் பின்னாலேயே போனார். சில நாட்களில் ஏறத்தாழ 150 படங்கள் வரைந்தார். பின்னோக்கி வளையும் அந்த விரல்கள் அவரை விடவில்லை.

சிற்பிக்கு நடனம் எதற்கு? பீடத்தில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும் மாடலின் உடம்பில் ஒரு நிலைதான் கிடைக்கும். அதுவும் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு உடல் மாறும் அந்தக் கணம்தான் அசைவு என்பது ரோதானின் கருத்து. 1881இல் பிரெஞ்சு ஓவியர் தேகா காட்சிக்கு வைத்த மெழுகுச் சிலையில் இருக்கும் சிறுமி, நடனம் பயில்பவள்தான்; ஆனால் ஆடவில்லை, நிற்கிறாள். சிற்பி பூர்தெல் 1913இல் பாரிஸ் ஷான்செலிசே நாடக அரங்கின் முகப்பில் நடனக் கலைஞர்கள் இசடோரா டங்கனையும் நிஜின்ஸ்கியையும் புடைப்புச் சிற்பமாக்கினார். அழகுதான், ஆனால் சட்டத்துக்குள் இருவரையும் மடக்கி அடைத்ததுபோல எனக்குப் படும்.

ரோதான் 1911 வாக்கில் வேறு வழி பார்த்தார். ஆல்டா மொரேனோ என்ற, உடலை வளைத்து வித்தை காட்டும் பெண்ணை வைத்துக் களிமண்ணில் சிறு உருவங்கள் பிடித்தார். ஒரு முழம்கூட வராது. அச்செடுத்து, கைகால்களைத் தனித்தனியாக்கி, வளைத்து, வேறு வேறு விதமாக ஒட்டிப் பார்த்தார். விரல் பதிந்த இடத்தை வழிக்கக்கூட இல்லை. வாழ்நாளில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவும் இல்லை. அவர் செய்தவற்றில் நடனத்துக்கு மிக நெருக்கமானவை இவைதாம் என்பேன்.

அதே காலத்தில்தான் திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்கள் அவர் கைக்கு வந்தன. பரவசத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்து நான்காண்டு கழித்து, 1921இல் வெளிவந்தது. ஆகமமோ தத்துவமோ அவருக்குத் தெரியாது. உதட்டையும் தொடையையும் பக்கவாட்டுத் தோற்றத்தையும் ஒரு தொழிலாளியின் கண்ணால் படிக்கிறார். ஆனால் நம் ஸ்தபதிக்கு அவரைப்போல ஒட்டிப் பார்க்கும் வசதி கிடையாது. தாளம் என்னும் சிற்ப அளவுமுறைப்படி உடலின் அளவுகளை வகுத்து, மெழுகிலேயே ஆட்டத்தை முடித்து, ஒரே வார்ப்பில் உலோகமாக்க வேண்டும். ரோதான் படத்தில் மட்டுமே கண்ட அந்தத் திருமேனி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் முகத்தை அப்புறம் பார்க்கலாம்; முதலில் ஊன்றிய காலின் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.