பூசணிக்காயை அரிந்தவருக்குத் தெரியும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் நீதியரசர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, நேரமாகியும் எழுந்து போகாத பெரியோர்களே, வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி.

உணவுக் குற்றத்தை, அதாவது லாபத்துக்காக உணவில் செய்யும் கலப்படத்தையும் ஏமாற்றையும், பிடிப்பது ஏன் கடினம்? மூன்று காரணங்கள் சொல்ல வந்தேன். சோதனை ஏமாறுகிறது, சரக்கு பல நாடுகளைக் கடக்கிறது, தண்டனையைவிட லாபம் பெரிது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? இதைக் கேட்காமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. முடியாது என்பீர்கள். 2008இல் சீனாவில் மறைத்தார்கள். முதலில் பாலில் தண்ணீர் ஊற்றினார்கள். அது பழைய திருட்டு; புரதம் குறைந்து சோதனையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சோதனை புரதத்தை நேராக அளக்கவில்லை. நைட்ரஜனை அளந்து, இவ்வளவு புரதம் இருக்கும் என்று கணக்குப் போட்டது. கலப்படக்காரர்களுக்கு இது போதாதா? மெலமைனைக் கொட்டினார்கள். தட்டு செய்கிறார்களே, அதே மெலமைன்தான். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர்ப் பால், கெட்டிப் பாலாகத் தேறிவிட்டது. தட்டில் சாப்பிடலாம், தட்டையே சாப்பிடலாமா? சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருப்பேன், அது குழந்தைகளின் பால்மாவுக்குப் போகாமல் இருந்திருந்தால். சிறுநீரகத்தில் கல். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். கருவி பொய் சொல்லவில்லை ஐயா. கேட்டதற்குப் பதில் சொன்னது. மெலமைன் இருக்கிறதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

2013இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சிக்குள் குதிரை வந்த கதையும் அப்படித்தான். அயர்லாந்தில் மரபணுவைப் பார்த்து, குதிரையா என்று கேட்டார்கள், வெளியே வந்தது.

அப்படியானால் கேட்காமலேயே யாருக்குத் தெரியும்? பூசணிக்காயை அரிந்தவருக்குத் தெரியும். மூட்டை தூக்குபவருக்கு, லாரி ஓட்டுபவருக்கு, இரண்டு கணக்கு எழுதுபவருக்குத் தெரியும். பிரிட்டனில் 2015இல் உணவுக் குற்றத்துக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி, அப்புறம் ரகசியமாகத் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் வைத்தார்கள். சரி, எண் இருக்கிறது. பேசியவருக்கு மறுநாள் வேலை இருக்குமா? உள்ளிருந்து சொல்பவரின் பெயருக்கும் பிழைப்புக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று நான் தொண்டை வறளக் கத்துவது இதற்காகத்தான். ஆய்வகத்துக்கு ஆயிரம் கருவி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பாத்திரத்தில் பூசணிக்காய் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்ற இரண்டு காரணங்களும் அடுத்த கூட்டத்துக்கு. உள்ளிருந்து சொல்பவருக்குப் பாதுகாப்பு கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. போன முறை வைத்த பேனா திரும்பவில்லை. இந்த முறை கயிற்றில் கட்டியிருக்கிறோம்.