கற்பூரத் தட்டும் கைப்போனும்

பெரியோர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம். 'நவீன தொழில்நுட்பமும் சைவ வாழ்வும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்புக் கொஞ்சம் பெரிது. நான் ஒரு கற்பூரத் தட்டிலிருந்து தொடங்குகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நம்முடைய ஊர்க் கோயிலொன்றில் மாலைப் பூசை. திரை விலகியது, மணி அடித்தது. எனக்கு முன்னால் நின்றவர்களின் கைகள் எல்லாம் மேலே போயின. கும்பிட அல்ல, படம் பிடிக்க. அப்புறம் ஐயர் கற்பூரத் தட்டோடு வந்தார். ஒரு தம்பியின் ஒரு கையில் போன், மறு கையில் அர்ச்சனைத் தட்டு. எந்தக் கையால் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது? ஐயர் தம்பியைப் பார்த்தார், தம்பி போனைப் பார்த்தார். கற்பூரம் அணைந்துவிட்டது.

உடனே, 'சேர் போனுக்கு எதிரி' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் திருகோணமலைக் கோணேசர் கோயிலையே எடுங்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களைக் கடலடியில் 1956இல் கண்டவர்கள், சுழியோடும் கருவியைப் பூட்டிக்கொண்டு இறங்கிய மைக் வில்சனும் அவருடைய நண்பரான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும்தான். அவர்கள் சாமி கும்பிடவா இறங்கினார்கள்? ஆனாலும் அந்தத் தூண்களை நமக்குக் காட்டித் தந்தது அந்தக் கருவிதான்.

தூரத்திலிருந்து கும்பிடுவதும் நமக்குப் புதிதல்ல. 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்று பாடிய ஞானசம்பந்தர் இந்த மண்ணை மிதித்தவர் இல்லை. இராமேச்சரத்தில் இருந்துகொண்டே கடலுக்கு இக்கரையில் உள்ள கோணேசரைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அப்படியென்றால், ரொறன்ரோவில் பனிக்குள் இருந்துகொண்டு, சிவராத்திரி முடிந்து சுவாமி நகர்வலம் வருவதை நேரலையில் பார்த்துக் கண் கலங்கும் என் பெரியம்மாவின் வழிபாடு மட்டும் எப்படிக் குறைந்ததாகும்? அவர் வீடியோ போடுமுன் முகம் கழுவி, நீறு பூசி, மேசையில் விளக்கேற்றி வைக்கிறார். வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டு, சுவாமி வரும்வரை டிக்டொக் தள்ளிக்கொண்டிருக்கும் நமக்கு அது கொஞ்சம் உறைக்கத்தான் வேண்டும்.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருவோம். இதில் குற்றவாளி நானே. போன மாதம் 'திருகோணமலைத் தேவாரம்' என்று ஒரு பாட்டு வந்தது. கீழே சம்பந்தர் பெயர், மேலே கோபுரப் படம், 'பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்' என்று ஒரு வரி. நானும் அனுப்பினேன். பத்துப் பேருக்கல்ல, ஒரு குழு முழுவதற்கும். ஐந்து நிமிடத்தில், சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளை பதில் போட்டாள்: "சேர், மூன்றாம் திருமுறையில தேடிப் பார்த்தன். அந்தப் பதிகத்தில இந்தப் பாட்டு இல்லை." அவள் தேடியதும் போனில்தான்! முப்பது வருடம் சமயம் படிப்பித்தவன் நான். வெட்கமாகப் போய்விட்டது.

ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சு யந்திரம் வாங்கிவந்தார். பாதிரிமார் கையில் இருந்த கருவி அது. அவர் அதற்குப் பயப்படவில்லை. ஆனால் ஏடுகளை ஒப்புநோக்கி, பிழை திருத்தி, பிறகுதான் அச்சேற்றினார். எழுத்தெழுத்தாக அச்சுக் கோத்த காலத்தில் அவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. நமக்கு ஒரு விரல் தட்டினால் போதும், அந்த ஒரு தட்டுக்கு முன் முழுவதையும் வாசிக்கப் பஞ்சி.

அந்தப் பெரியம்மா இந்த முறை நகர்வலத்தன்று இரவு எனக்குக் கோல் எடுத்தார். நேரலையில் படம் நன்றாகத் தெரிந்ததா என்று கேட்டேன்.

"எங்கையடா தம்பி, சுவாமியைக் காணேல்லை. முன்னுக்கு நிக்கிறவையின்ர போன்தான் வரிசையாத் தெரியுது."