மூச்சு வாங்கும்போது மூளை என்ன செய்கிறது?

எல்லோருக்கும் வணக்கம்.

உடற்பயிற்சி செய்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் பாயும், அதனால் எவ்வளவு கடுமையாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பலரும் நினைக்கிறோம். முதல் பாதி சரி. இரண்டாவது பாதிதான் இடிக்கிறது.

ஓட்டத்தின் வேகம் கூடக்கூட மூளைக்குப் போகும் ரத்தமும் கூடும். ஆனால் உடலின் உச்சத் திறனில் ஏறக்குறைய 60, 70 சதவீதத்தைத் தாண்டினால் அது கூடுவது நின்று, குறையவும் தொடங்குகிறது. இதயம் களைத்துவிட்டதா? இல்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறோமே, அதுதான் காரணம். அப்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். கழிவு என்று நாம் ஒதுக்கும் வாயுவுக்குக் குழாயை விரித்து வைக்கும் வேலையும் இருக்கிறது! அதற்காக மூளை பட்டினி கிடப்பதில்லை. தசைகள் கடுமையாக உழைக்கும்போது வெளியேற்றும் லாக்டேட் என்ற பொருளை வாங்கி எரித்துக்கொள்கிறது. தசை வலிக்குக் காரணம் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் அதிகம் திட்டு வாங்கும் பொருள் அது, பாவம்.

சரி, ஓடி முடித்த பிறகு?

ஜெர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கேன் கருவிக்குள் யாரும் ஓட முடியாது. தலை அசைந்தாலே படம் கெட்டுவிடும். ஆகவே ஆண் விளையாட்டு வீரர்களை டிரெட்மில்லில் 30 நிமிடம் ஓடவிட்டு, ஓடுவதற்கு முன்னும் பின்னும் சும்மா படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு நாள் மெதுவான ஓட்டம், வேறொரு நாள் கடும் ஓட்டம். மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஆக்சிஜன் சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அப்படிச் சேர்ந்து இயங்கும் பகுதிகளைத்தான் ஒரு வலையமைப்பு என்கிறோம்.

மெதுவாக ஓடியபின் கவனத்தையும் சிந்தனையையும் கையாளும் வலையமைப்புகளில் இணைப்பு வலுத்தது. கடுமையாக ஓடியபின் வலுத்தது உணர்ச்சி சார்ந்த வலையமைப்பு. உடல் அசைவுக்கான வலையமைப்பில் இணைப்பு தளர்ந்தது. இரண்டு நாளும் மனநிலை என்னவோ உற்சாகமாகத்தான் இருந்தது. ஆக, வேகம் மாறினால் மூளையில் வேலைக்கு வரும் ஆட்களே மாறுகிறார்கள். உட்கார்ந்து படிக்கப் போகிறவர் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேசும் அளவுக்கு ஓடினால் போதும் என்பது என் கட்சி. மனப்பாரத்தை இறக்க நினைப்பவர் இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்கலாம். ஆனால் அந்த வீரர்கள் ஓடிப் பழகியவர்கள், ஒவ்வொருவருக்கும் எது கடுமை என்று தனித்தனியாகச் சோதித்துத்தான் வேகத்தை வைத்தார்கள். அடுத்தவர் வேகத்தை நாம் கடன் வாங்க முடியாது.

இதெல்லாம் ஒரு நாள் ஓட்டத்தின் கதை. நீண்டகாலக் கணக்கு வேறு. மூளை ஆய்வாளர் கர்க் எரிக்சனின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் 120 முதியவர்கள் இருந்தார்கள். ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்தது. கை கால் நீட்டும் பயிற்சிகளோடு நின்றவர்களுக்கு அது சுருங்கியது. பெருத்தவர்கள் யாரும் ஓடவில்லை, நடந்தார்கள்.