டிபி ஆய்வுக்கு நோயாளிகள் குழு: யாரைக் கூப்பிடணும், எப்போ கூப்பிடணும்?

வணக்கம் மக்களே. காசநோய் ஆய்வு நடத்துறவங்களுக்கும், நோயாளி ஆலோசனைக் குழுவுல, அதாவது டிபி அனுபவம் உள்ளவங்க ஆய்வு நடத்துறவங்களுக்கு யோசனை சொல்ற குழுவுல, உட்காரப் போறவங்களுக்கும் இந்த வீடியோ. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

"எங்க எத்திக்ஸ் கமிட்டியில பொதுமக்கள் சார்பா ஒருத்தர் இருக்காரே, அது போதாதா?"ன்னு நிறைய பேர் கேட்கறாங்க. எத்திக்ஸ் கமிட்டின்னா ஆய்வு முறையா, நோயாளிக்குப் பாதுகாப்பா இருக்கான்னு பார்த்து அனுமதி குடுக்கற குழு. அது போதாது. 2019 புது மருந்து ஆய்வு விதிப்படி அந்தக் கமிட்டியில குறைஞ்சது 7 பேர் இருக்கணும். அதுல மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருத்தர், ஒரு பெண், ஒரு சட்டம் தெரிஞ்சவர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியில இருந்து வரணும். நல்ல விதிதான். ஆனா அந்த சாதாரண ஆளுக்கு டிபி வந்திருக்கணும்னு எங்கேயும் இல்ல. அதோட, ஆய்வுத் திட்டம் முழுசா எழுதி முடிச்ச பிறகுதான் அவர் கைக்கே காகிதம் வருது. எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு வரணும், எதை அளக்கணும், யாரைச் சேர்க்கக் கூடாதுன்னு எல்லாம் அதுக்குள்ள முடிவாகியிருக்கும்.

அதனால குழுவைத் திட்டம் எழுதறதுக்கு முன்னாடியே கூட்டணும். டிபி மருந்து ஆய்வுகள்ல சமூகத்தை எப்படிச் சேர்த்துக்கணும்னு 2012லயே சர்வதேச வழிகாட்டி வந்தாச்சு. ஆரம்பத்துல இருந்தே பேசுங்கன்னுதான் அதுவும் சொல்லுது.

யாரைக் கூப்பிடணும்? 12லிருந்து 15 பேர் சரியா இருக்கும். நல்லாப் பேசற, சிகிச்சையை ஒழுங்கா முடிச்ச, நகரத்துல இருக்கிற ஒருத்தரையே எல்லாக் கூட்டத்துக்கும் கூட்டிட்டுப் போறது ரொம்ப சாதாரணமா நடக்குது. அவர் பேச்சு முக்கியம்தான். ஆனா மருந்தைப் பாதியில விட்டவர்தான் ஏன் விட்டோம்னு சொல்ல முடியும். குடிப்பழக்கம் இருக்கிறவர், கட்டட வேலைக்கு வெளி மாநிலத்துல இருந்து வந்தவர், மலைக்கிராமத்துக்காரர், திருநங்கை, சர்க்கரை நோயும் சேர்ந்து இருக்கிறவர், கர்ப்ப காலத்துல டிபி வந்த பெண், வீட்டுல நோயாளியைப் பார்த்துக்கிட்டவங்க, இவங்க எல்லாரும் வேணும். ஒவ்வொரு பிரிவுலயும் ரெண்டு பேரா எடுங்க. ஒத்த ஆளா உட்கார்ந்தா வாயே திறக்க மாட்டாங்க.

இப்படிக் கலந்து உட்கார வெச்சா என்ன கிடைக்கும்? க்ளோஃபாசிமின்னு ஒரு மாத்திரை, மருந்துக்கு அடங்காத டிபிக்குக் குடுக்கறது. தோலைக் கருக்க வைக்கும். டாக்டர் குறிப்புல அது சின்ன பக்கவிளைவு. கல்யாணம் ஆகாத ஒரு பொண்ணுக்கு? ஊர்ல எல்லாரும் "என்னாச்சு"ன்னு கேட்பாங்க, நோய் வெளியில தெரிஞ்சுபோகும், மாத்திரையை நிறுத்திடுவா. அப்போ தோல் நிறத்தையும் ஆய்வுல கேட்டுப் பதிவு பண்ணணும்னு அந்தப் பொண்ணுங்கதான் சொல்லுவாங்க. அதே மாதிரி லைன்சோலிட்னு இன்னொரு டிபி மாத்திரை. கால் மரத்துப்போகும். "நரம்புப் பிரச்சினை இருக்கா?"ன்னு கேட்டா இல்லைன்னுடுவாங்க. "நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்தா தெரியுதா?"ன்னு கேளுங்க, உடனே பதில் வரும்.

கூட்டம் நடத்தற விதத்துலதான் அதிகமா கெட்டுப்போகுது. சிகிச்சை குடுக்கற டாக்டர் எதிர்ல இருந்தா எல்லாப் பதிலும் "சரிங்க டாக்டர்"தான். முதல் 45 நிமிஷம் டாக்டர் வெளியில இருக்கட்டும், குழுவுல ஒருத்தரே பேச்சை நடத்தட்டும். பழைய ஊசி மருந்தால காது போனவங்க இருப்பாங்க. பேசறதைப் பெரிய எழுத்துல திரையில டைப் பண்ணுங்க. ஜன்னல் திறந்த, காத்தோட்டமான அறை வேணும். தினக்கூலிக்காரங்களுக்கு வார நாள் காலை பதினொரு மணி கூட்டம் சரிப்படாது, ஞாயித்துக்கிழமை வைங்க.

காசு விஷயத்துல கூச்சப்பட வேண்டாம். ஒரு நாள் கூலிக்குக் குறையாத தொகை, அதுக்கு மேல பஸ் செலவு, சாப்பாடு. அன்னிக்கே கையில குடுங்க. பேங்க் கணக்கு கேட்டா வெளி மாநிலத் தொழிலாளி அடுத்த தடவை வரமாட்டார். "காசு குடுத்தா ஆசை காட்டற மாதிரி ஆகாதா?"ன்னு ஒரு கேள்வி வரும். ஆகாது. அவர் ஆய்வுல மருந்து சாப்பிடற ஆள் இல்ல, ஆலோசனை சொல்ற ஆள். ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட கலக்காதீங்க. இந்தச் செலவை நிதி கேட்கிற விண்ணப்பத்துலயே தனி வரியாப் போடுங்க. பிறகு தேடினா கிடைக்காது.

வருகைப் பதிவேட்டுல மேல "காசநோய்"னு தலைப்புப் போடாதீங்க. கேக்காம போட்டோ எடுக்காதீங்க. எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல போட்டா எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி தனித்தனியா சம்மதம் வாங்குங்க.

ஒப்புதல் படிவத்தைக் குழுகிட்ட குடுத்து "புரியுதா?"ன்னு கேட்டா தலையாட்டுவாங்க. அப்படிக் கேட்காதீங்க. படிக்க விட்டுட்டு, காகிதத்தை வாங்கி வெச்சுக்கிட்டு கேளுங்க: இதுல சேர மாட்டேன்னா உங்க வழக்கமான மாத்திரை நின்னுடுமா? உங்களுக்கு எந்த மருந்துன்னு முடிவு பண்றது டாக்டரா, கம்ப்யூட்டர் குலுக்கலா? உடம்புக்கு ஏதாவது ஆனா செலவு யாரோடது? பாதியில விலகலாமா? ரெண்டு பேர் ஒரே கேள்வியில தப்பாச் சொன்னா, தப்பு படிவத்துல. அந்தப் பத்தியைத் திருத்தி எழுதி, மறுபடியும் எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்புங்க. படிக்கத் தெரியாதவங்ககிட்ட ஒப்புதல் வாங்கும்போது ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி பக்கத்துல இருக்கணும்னு விதியே இருக்கு, மறந்துடாதீங்க.

கொள்கைப் பக்கமும் கொஞ்சம் சொல்லிடறேன். டிபி ஊசியால கேட்கும் திறனை இழந்த ரெண்டு பெண்கள், மும்பையோட நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவோட ஃபுமேசா டிசிலேயும், மருந்துக்கு அடங்காத டிபிக்குக் குடுக்கற பெடாக்விலின் மாத்திரைக்கு காப்புரிமையை நீட்டிக்கக் கூடாதுன்னு 2019ல இந்தியக் காப்புரிமை அலுவலகத்துல எதிர்ப்பு மனு போட்டாங்க. 2023 மார்ச்ல அந்த மருந்துக் கம்பெனியோட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுச்சு. அவங்க சும்மா வருத்தத்தைச் சொல்லிட்டு வரல. எந்த அலுவலகம், எந்த விண்ணப்பம், எந்த சட்டக் காரணம்னு குறிவெச்சுப் போனாங்க.

மாவட்ட டிபி ஃபோரத்துக்கு, அதாவது அதிகாரிகளும் நோயாளிகள் தரப்பும் சேர்ந்து பேசற மாவட்டக் கூட்டத்துக்கு, போறவங்களும் அப்படியே போங்க. ஒரு கூட்டத்துக்கு ஒரே கோரிக்கை. உதாரணமா, டிபி நோயாளிகளுக்கு அரசு குடுக்கற ஊட்டச்சத்துப் பணம் 2024 நவம்பர்ல இருந்து மாசம் 1000 ரூபாய் ஆச்சு, ஆனா பேங்க் கணக்கு இல்லாதவங்களுக்கு அது போய்ச் சேர்றதில்ல. இந்த மருத்துவமனையில இத்தனை பேருக்கு இன்னும் வரல, இந்த அதிகாரி இந்தத் தேதிக்குள்ள கணக்குத் திறக்க உதவணும்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க. கூட்டக் குறிப்புல அது ஏறுச்சான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க.

ஆய்வுக் குழுவும் ஒரு அட்டவணை வெச்சுக்கணும், மூணு கட்டம்: குழு சொன்னது, நாங்க மாத்தினது, மாத்தலன்னா காரணம். அடுத்த கூட்டத்துல முதல் பத்து நிமிஷம் அதைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. மூணாவது கட்டம் காலியா இருந்தா அன்னிக்கே நிரப்பச் சொல்லிக் கேளுங்க, குழுவுல இருக்கிறவங்களே.